வருகைப் பதிவேடு

சாட்ஸ்வொர்த்திலிருந்து இரண்டு டாக்சி.
முதலாவதில் மடியில், இரண்டாவதில் காலடியில்:
உறைந்த மத்தி ஒரு கிலோ, நேற்றைய செய்தித்தாளில்.
பக்கத்துப் பெண் ஜன்னலைத் திறந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

டர்பன் பாயிண்ட். இரும்புக் கதவு.
காவலாளி நோட்டை நீட்டுகிறான்.
பெயர்: காத்தமுத்து பதயாச்சி.
யாரைப் பார்க்க?
தூண்டிலைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான்.
வீட்டு எண்?

பதினான்கு என்று எழுதினேன்.
பூமணி மூத்தவளைப் பெற்றது பதினான்கில்.
கட்டிலோடு எங்களை லாரியில் ஏற்றியதும்
அதன் வாசலில்தான்.

பொத்தானை அழுத்துகிறான்.
மேலே எங்கோ, கடலைப் பார்த்த ஒரு கண்ணாடி வீட்டில்
மணி அடிக்கிறது.
அடிக்கிறது.
"டிசம்பரில் மட்டும்தான் வருவார்கள், பாபா."
குரலில் ஏளனம் இல்லை.
அவனும் உம்லாசியிலிருந்து இரண்டு டாக்சி.

ஷாட் மீன் கடிப்பது இந்த அரைமணி.
அலை திரும்பிவிட்டது, சத்தத்திலேயே தெரிகிறது.

தாள் ஊறிக் கிழிந்து
மத்தித் தண்ணீர் பளிங்குக்கல்லில் சொட்டுகிறது.
துடைக்கக் குனிந்தேன்.
"விடுங்கள்" என்றான்.
இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.
எல்லாவற்றையும் இடித்தவர்கள்
தரையின் சாய்வை மட்டும் மறந்திருக்கிறார்கள்.
கதவுக்கடியில் நுழைந்து போகிறது அது,
கையெழுத்துப் போடாமல்.