ஒளிச் சோதனை

எங்கள் யார்டில் கன்டெய்னரைச் சோதிப்பது இப்படித்தான்:
உள்ளே ஒரு ஆளை விட்டுக் கதவைச் சாத்துவார்கள்.
அந்த ஆள் நான்.
திருவொற்றியூர் வெயில் இரும்பை வறுக்கும்.
வியர்வை கண்ணில் இறங்குவதற்குள்
கூரையில், மூலையில், கதவு ரப்பரில்
ஒரு பொட்டு வெளிச்சம் தெரிகிறதா பார்க்க வேண்டும்.
தெரிந்தால் சாக்பீஸால் வட்டம்.
முடிந்ததும் தட்டினால் திறப்பார்கள்,
பெரும்பாலும் உடனே.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில்
அதே வேலையைச் சைக்கிள் பைக்குச் செய்தேன்.
மூர் மார்க்கெட்டில் ஜோடி முந்நூறு ரூபாய்.
பின்சக்கரத்துக்கு இருபுறமும் தொங்குகிறவை.
எந்த மலை ஏறி இறங்கியதோ,
ஒரு கொக்கிக்குப் பதில் செப்புக் கம்பி முறுக்கியிருந்தது.
தலையை உள்ளே விட்டு
பையின் வாயைக் கழுத்தோடு இறுக்கி
சூரியனைப் பார்க்க நின்றேன்.

பக்கத்து மாடியில் துணி காயப்போட்ட ரெஜினாக்கா
"இன்னாபா, மண்டைய வுட்டுகினு இன்னா தேடுற?"
"ஓட்டைக்கா."
"எங்கூட்டுத் தளத்து ஓட்டைக்கே ஆள் வரல"
என்றார், கிளிப்பைப் பல்லில் கடித்தபடி.

உள்ளே பழைய பூச்சு பிசுபிசுத்து
குழந்தை கக்கிய பால் நாற்றம்.
துணியில் குறையில்லை.
தையல் ஓடிய வழியெல்லாம்
ஊசி இறங்கிய ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சம்.
நூற்றுப் பதினேழு வரை எண்ணினேன்.
மூச்சு முட்டியது.
கழற்றினால் போதும்; யாரும் வெளியே பூட்டவில்லை.
ஆனாலும் கை தானாக எழுந்து
காற்றில் ஒருமுறை தட்டியது.

ஸ்பிரிட்டும் பழைய டூத் பிரஷும் ஒரு ஞாயிறைத் தின்றன.
வெயில் பட்ட முதுகுபோல் உரிந்து வந்தது பூச்சு,
வராத இடத்தில் நகம்.

தண்டையார்பேட்டை ஹார்டுவேரில்
மீன்தொட்டி ஒட்டுகிற சிலிக்கான் கேட்டேன்,
கூடவே டர்பன்டைன் அரை லிட்டர்.
"எத்தனை அடித் தொட்டி?"
"தொட்டியில்லை, பை."
"அதுக்கு ஏன் சார் இவ்வளவு? கவர் போட்டுக் கட்டுங்க, அஞ்சு ரூபா."

கஞ்சிப் பதத்தில் கரைத்து
தையல் தையலாகப் பூசிக் கொடியில் தொங்கவிட்டேன்.
உப்புக்காற்றில் இரண்டு நாள் காயவே இல்லை.
மணலிப் பக்கமிருந்து வந்த கரித்தூள்
பதமாக ஒட்டிக்கொண்டது.
அதுவும் ஒரு பூச்சு என்று விட்டுவிட்டேன்.

மறுபடி தலையை விட்டபோது
இருட்டு.
சுத்தமான, யார்டில்கூட அபூர்வமாக வாய்க்கிற இருட்டு.
அங்கே என்றால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவோம்.
இங்கே ஆப்பிளில் இருந்ததைப் பிய்த்து ஒட்டினேன்.

ஐப்பசி கடைசியில் ஒருநாள், விடிய நாலரை மணி,
பழவேற்காட்டுக்குக் கிளம்பினேன்.
சாத்தாங்காடு தாண்டுவதற்குள் பிடித்தது மழை.
மணலி புதுநகரில் கண் தெரியவில்லை,
நந்தியம்பாக்கத்தில் சக்கரம் தெரியவில்லை.
டேங்கர் லாரிகள் ஆளுக்கொரு குளத்தை என்மேல் எறிந்தன.
நான் சிரித்துக்கொண்டே மிதித்தேன்,
மழைக்கு விபூதி அடித்தவன் மாதிரி.

மீஞ்சூரில் ஒரு டீக்கடைத் தார்ப்பாய்க்கு அடியில்
பையைத் திறந்தால்
சட்டை மிதக்கிறது.
நாலு சப்பாத்தி கூழ்.
சார்ஜர் அடியில் மூழ்கிக் கிடக்கிறது.

மழை இல்லை.
சரியாகத் திருகாத என் தண்ணீர் பாட்டில்
சாய்ந்து படுத்து
முழுசாகக் காலியாகியிருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.
பிறகு பையைச் சரித்து, பாட்டிலில் திருப்பி ஊற்றினேன்.
சட்டையைப் பிழிந்ததையும் சேர்த்தேன்.
கழுத்து வரை வந்தது.

"இன்னா சார் அளக்குறீங்க?"
டீக்கடைக்காரர் வடிகட்டியைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டார்.
"பாஸ்" என்றேன்.
இன்னொரு பையை அப்போது திறக்கவில்லை.