மூன்றாவது பலகை

பீலினென் ஏரி உறைந்த வாரம்.
சவுனாவின் நீராவி அறையில்
மூன்றாவது பலகைக்கு ஏறப்போன துவோவி பக்கரினெனிடம்
தொடைகள் இரண்டும் முடியாது என்றன.
அறுபத்தெட்டு வயதில் முதல் முறையாக
அடிப்பலகையில் உட்கார்ந்தாள்.
சூடு அவள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது,
வேறு யாருக்கோ வந்த கடிதம் போல.

மேலே தம்பி உர்ஹோ.
கல்லில் நீரை வீசிவிட்டுச் சொன்னான்:
"நானும் அதே மாத்திரைதான்.
அதே நாற்பது மில்லிகிராம், அதே கடை.
காலையில்கூட அரை வண்டி பிர்ச் விறகு பிளந்தேன்.
உன் வலி தொடையில் இல்லை.
டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை வாசித்தாயே,
அதில் இருக்கிறது."

அவள் பதில் சொல்லவில்லை.
லீக்சாவில் அதுவும் ஒரு பேச்சுதான்.

பயம் இருவருக்கும் பொது.
அறுபத்தொன்பது பிப்ரவரியில்
நாற்பத்து நான்கு வயது அப்பா காட்டுக்குப் போனார்.
பெட்ரோல் தீரும்வரை
ரம்பம் உறுமிக்கொண்டே இருந்திருக்கிறது.
சத்தம் நின்ற பிறகுதான் தேடிப்போனார்கள்.

அதனால் விழுங்கினாள்.
விழுங்கிவிட்டுப் படிக்கட்டில் பக்கவாட்டில் இறங்கினாள்.
ஒரு மாதம் நிறுத்தினாள், கால்கள் திரும்பி வந்தன.
மறுபடி விழுங்கினாள், போயின.
யாரிடமும் சொல்லாமல்
வலித்த நாளுக்கெல்லாம் காலண்டரில்
பென்சிலால் ஒரு புள்ளி.

யோயென்சூவில் டாக்டர் நெவாலைனென்
மருந்துச்சீட்டை ஒரு நொடியும்
காலண்டரை நெடுநேரமும் படித்தாள்.
ஒரு குழாய் ரத்தம் எங்கோ போய்
மூன்று வாரத்தில் ஒரு தாளாகத் திரும்பியது.
அதன் பின்பக்கம் ஒரு கதவு வரைந்தாள்.

"இது கல்லீரலின் கதவு. மருந்துக்கு வேலை உள்ளே.
உங்கள் கதவின் கீல் இறுகிப்போயிருக்கிறது.
வாசலில் காத்து அலுத்த மருந்து
ரத்தத்தோடு சுற்றிச் சுற்றித்
தசைக்குள் புகுந்துவிடுகிறது."

"எப்போதிலிருந்து?"

"நீங்கள் பிறக்கும் முன்பிருந்தே.
இந்தக் கதவைச் செய்யச் சொல்லும் நீண்ட வரியில்
ஐந்நூற்று இருபத்தொன்றாம் இடத்தில்
ஓரெழுத்து மாறியிருக்கிறது.
அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று.
தம்பிக்கு வேறு சீட்டு விழுந்திருக்கலாம்."

ஓரெழுத்து.
நான் இதை எழுதும் மொழியில்
வலிக்கும் வழிக்கும் நடுவே
அவ்வளவுதான் தூரம்.

திரும்பும் பஸ்ஸில் கணக்குப் போட்டாள்.
அப்பா விட்டுப்போனவை:
ஒரு படகு, அந்த ரம்பம்,
அவரே பிரித்துப் படிக்காத ஓரெழுத்து.
இந்த மாத்திரை அன்றைக்கே இருந்திருந்தால்
அவருக்கும் தொடை வலித்திருக்குமோ?
வலித்திருக்கட்டும்.
எழுபது வயது அப்பா
மேலே ஏற முடியாமல்
டாக்டர்களைத் திட்டிக்கொண்டு
அடிப்பலகையில் உட்கார்ந்திருக்கட்டும்.
ஜன்னலில் மூச்சு படிந்தது.
துடைக்கவில்லை.

இப்போது வேறு மாத்திரை. சிறியது, இளஞ்சிவப்பு.
மார்ச்சில் ஒன்பது புள்ளி,
ஏப்ரலில் நான்கு,
மே மாதம் ஒன்று. அதுவும்
உருளைக்கிழங்கு நட்ட மறுநாள்.

உர்ஹோவின் சோதனை முடிவும் வந்தது.
அவனுக்கு வலிக்காத மாத்திரை
கொழுப்பையும் பெரிதாகச் சீண்டவில்லை.
ஒரு வருடமாக
வலியில்லாததையே குணமென்று நம்பியிருந்திருக்கிறான்.

"இதற்கும் எழுத்துதான் காரணமா?"

"இருக்கலாம். இல்லையென்றால்
முட்டையும் வெண்ணெயும் பிசைந்து அப்பி
நீ தின்னும் கம்புமாவுப் பணியாரம்."

அவன் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை.
அவள் இரண்டாவது பலகைவரை ஏறி
அங்கேயே இருந்துகொண்டாள்.
கல் சீறியது.
நீராவிக்குள் முகம் தெரியாத இடத்திலிருந்து
உர்ஹோ கேட்டான்:
"அந்த டாக்டர் பேரை
இன்னொரு தடவை சொல்லு."