ஆரல்வாய்மொழியில் நாலு

ஞாயிறு பத்து மணிக்கு
அழகியமண்டபம் சந்திப்பில்
வர்க்கீஸ் கடையின் கடைசி பெஞ்சு எங்களுக்கு.
யாரும் எழுதி வாங்கியதில்லை.
வேறு ஆள் உட்கார்ந்திருந்தால்
"எந்திரியும், மழைக்காரங்க வாறாவ" என்று
வர்க்கீசே கிளப்பிவிடுவார்.

மழைக்காரர்கள் என்றால்
ஆளுக்கொரு அறுத்த போத்தல்,
வாயில் புனல், பக்கத்தில் ஒட்டிய அளவுகோல்,
காலை எட்டரைக்கு அதன்முன் இடுக்குகிற
ஒற்றைக் கண்.
சந்தா கிடையாது, தலைவர் கிடையாது.
நோட்டு மட்டும் என்னிடம்,
ஜெராக்ஸ் கடை வைத்திருப்பதால்.

"களியல் அம்பத்தெட்டு" என்பார் ஏசுராஜன்,
குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.
பெய்தால் அவருக்கு ரப்பர் வெட்டு இல்லை.
மூன்று நாள் கூலி போத்தலுக்குள் கிடக்கிறது,
அதையும் மில்லிமீட்டர் பிசகாமல் வாசிக்கிறார்.
"சாமிதோப்பு பன்னெண்டு"
வைகுண்டமணி சொல்வது பல்லிடுக்கில் வரும்.
உப்பளத்தில் விழுந்த பன்னிரண்டு அது.
டெல்பின் மேரிக்குக் குளச்சலில் ஏழு.
மீன் பாடு எப்படி என்று கேட்டால்
"மழையக் கேளும், சாளையக் கேக்காதேயும்."

அப்புறம் பேச்சு எங்கெங்கோ போகும்.
சக்கை இந்த வருஷம் ஏன் வெள்ளச்சுளை,
மார்த்தாண்டம் பாலத்துக்கு அடியில்
யாருடைய ஸ்கூட்டர் நின்றது,
தவளை கத்தினால் மழையா
மழை வந்தால் தவளையா.
சாயை ஆறும். இரண்டாவது சாயையும் ஆறும்.

கடைசியாக நான் கேட்பேன்:
"ஆரல்வாய்மொழி?"
"காத்து" என்பார் தாணுமாலயன்.

எழுதுவேன்: சுழியம்.

மலை இரண்டும் விலகி நிற்கிற வாசலில் வீடு.
காற்றாடிகள் சுற்றுகிற சத்தத்தில்
மேகம் நிற்காமல் போய்விடும், டவுன் பஸ் மாதிரி.
ஒரு சுழியத்தைக் கொண்டுவர
வடசேரியில் இறங்கி மாறி
இரண்டு பஸ் ஏறுகிற மனுஷன்.
சொல்லிவிட்டு பெஞ்சின் நுனியில்
பாதி உடம்போடு இருப்பார்.
நாங்கள் தவளையில் இருப்போம்.

போன ஆவணியில் ஒரு ஞாயிறு
துணிப்பைக்குள்ளிருந்து போத்தலையே எடுத்தார்.
வாயில் பாலித்தீன், ரப்பர்பேண்ட்.
"நாலு."

பெஞ்சு ஒரு பக்கம் தூக்கியது, எல்லாரும் எழுந்ததில்.
பழம்பொரி அவர் கணக்கில். வர்க்கீசுக்கும் ஒன்று.
"நான் பாக்கலடே, அவதான் பாத்தா,
சொர்ணம்தான் எழுப்பி விட்டா,
ஏங்க, உம்ம போத்தல்ல வெள்ளம்னு."
மூன்று தடவை சொன்னார்.
ஒவ்வொரு தடவையும் மழை கொஞ்சம் பலத்தது.

போத்தல் கைமாறி வந்தது.
டெல்பின் மேரி முகர்ந்தாள்.
மீன் வாங்குகிற மூக்கு, ஏமாறாது.
என்னிடம் நீட்டினாள், ஒன்றும் பேசாமல்.
பிளீச்சிங் பவுடர்.
பஞ்சாயத்துக் குழாய்,
வியாழக்கிழமை திறந்துவிடுகிற தண்ணீர்.

அரை மில்லிமீட்டருக்காக
ஏசுராஜனும் வைகுண்டமணியும்
இரண்டு வாரம் முகம் பார்க்காத நோட்டு இது.
பேனா மூடியைத் திறந்தேன், மூடினேன்.
ஏசுராஜன் போத்தலை வெயிலுக்கு நேரே பிடித்து
ரொம்ப நேரம் பார்த்தார்.
"காத்து சில சமயம்
எங்கிருந்தாவது தூக்கிட்டு வரும்" என்றார்.
"எழுதும்வே."

எழுதினேன். நாலு.

வருஷக் கடைசியில் கூட்டும்போது
அதை மட்டும் கூட்டாமல் தாண்டினேன்.
அழிக்கவும் இல்லை.
அடுத்த வீட்டுக்காரர் பெயரைப் போல
அது பாட்டுக்கு அங்கே இருக்கிறது.

அதற்கடுத்த ஞாயிறு
"ஆரல்வாய்மொழி?" என்றேன்.
"காத்து" என்று சிரித்தார் தாணுமாலயன்,
பெஞ்சின் நடுவில் இருந்துகொண்டு,
தவளையைப் பற்றி
தனக்கும் ஒன்று சொல்ல உண்டு என்றபடி.