மீன் மணக்கும் பெட்டி

கொழும்பிலிருந்து ஒருவன் படம் அனுப்பியிருந்தான்:
இரண்டு தண்டவாளம், நாலு சில்லு, மேலே வானம்.
திறந்த தட்டு.
போன வருசம் அப்படி ஒன்றில்தான் கொண்டுபோனோம்.
நாவற்குழியில் உப்புக் காற்று,
ஓமந்தை தாண்ட ஒரு கல்,
முன்கண்ணாடியில் சிலந்தி வலை.
மலையடியில் கார்புரேற்றரைக் கழற்ற
உள்ளே கிளிநொச்சிப் புழுதி.

அதனால்தான் குருநகரில்
மரியநாயகத்தின் கூலர் லொறி.
எஞ்சின் செத்து நாலு வருசம்,
பெட்டிக்கு மட்டும் உயிர் இருந்தது.
பதினாலடி நீளம். உள்ளகலம் ஐந்தடி பத்து.
தரையில் ஐஸ் தண்ணி ஓட ஒரு துளை.
"மணம் போகாது தங்கச்சி"
என்று சொல்லித்தான் விலையைக் குறைத்தார்.
போகவில்லை.
சோடா, தேசிக்காய், மூன்று நாள் வெயில்,
கடைசியில் டீசல்.
இப்போது டீசல் குடித்த பாரை மணக்கிறது.

ஒற்றை அச்சுப் போதும் என்றான் செழியன்.
இரவு பத்து மணிக்கு மாங்குளத்தில் ரயர் வெடித்தால்
காரைத் தோளில் வைப்பியோ என்று கேட்டேன்.
இரட்டை அச்சு.
கொளுவிகளைப் பலகையில் அடிக்க விடவில்லை,
சட்டகம் வரைக்கும் துளைத்து நட்டு இறுக்கினோம்.
மூக்குப் பதிந்த கார்;
சாய்தளம் காணாமல்
இரண்டு பனஞ்சலாகை கூட வைத்தோம்.

அரியாலை றோட்டில் நாற்பதில் போக
பின்பக்கம் நாய்வாலாய் ஆடியது.
மரக்கட்டையை ஒரு சாண் முன்னே தள்ள
வால் அடங்கியது.

வள்ளம் இழுக்கிற வின்ச் வந்துசேர முதல்
அவசரத்தில் நானே ஓட்டி உள்ளே ஏற்றினேன்.
எஞ்சினை நிறுத்தின பிறகுதான் விளங்கிற்று:
கதவு ஐந்து அங்குலம் திறக்கும்.
நான் ஐந்து அங்குலம் இல்லை.
வெளியே செழியன் சிரிப்பது
தகடு முழுக்கக் கேட்டது.

றொபின்சன் சோக்கோடு வந்தான்.
"எங்கை வெட்ட?"
உள்ளிருந்து முழங்கையால் தட்டினேன்.
இன்னும் கீழே. இன்னும் பின்னே.
நான் இருக்கும் இடத்தை
ஒருவன் வெளியே கோடாய்க் கீறிக்கொண்டிருந்தான்.
"இனிக் காரை எடு, சுவருக்குள்ளை நுரை,
பொறி பட்டால் பத்தும்."
பின்கண்ணாடியால் ஊர்ந்து இறங்கினேன்.

பூட்டு வேண்டும்போது
மரியநாயகம் ஒன்று மட்டும் சொன்னார்:
திறப்பைச் சட்டைப் பையிலேயே வை.
ஒருக்கால் இதே பெட்டியை
இதே றோட்டில்
மீன் மீனாய் இறக்கிக் காட்டினவராம்.
ஐஸ் எவ்வளவு நேரம் நின்றது என்று
நான் கேட்கவில்லை.

வவுனியாவுக்கு இங்கால் பொலிஸ்காரர் கை காட்டினார்.
மூக்கைச் சுழித்தார்.
"மாளுத?"
இல்லை, ரேஸ் கார் என்றேன்.
நம்பவில்லை.
பக்கக் கதவைத் திறந்தேன்.
ரோர்ச் வெளிச்சத்தில் நாற்பத்தேழாம் இலக்கம்,
பட்டியில் இறுகிய சில்லு,
என் முழங்கை உயரத்தில் வெட்டின விளிம்பு.
மலையை எத்தனை நிமிசத்தில் ஏறும் என்று கேட்டார்.
ஏறிப் பார்க்கவேணும் என்றேன்.

கீழே துளையால் ஏதோ சொட்டியது.
எண்ணெயோ, பிரேக் ஒயிலோ.
செழியன் குனிந்து விரலில் தொட்டு
மணந்து பார்த்தான்.

"மீன்" என்றான்.