வடிகால்

வாங்கிய அன்றே மழை.
பாயான் பாருவிலிருந்து ஜெலுத்தோங் வந்து சேர்வதற்குள்
என் இடது செருப்பு நனைந்துவிட்டது.
கூரை மூடித்தான் இருந்தது.

இருபத்திரண்டு வயது வண்டி. கரும்பச்சை.
இரண்டே இருக்கை.
"ஒரு சொட்டு ஒழுகாது" என்று சொல்லித்தான்
ஊய் சூன் ஹெங் சாவியைத் தந்தார்,
என் முகத்தைப் பார்க்காமல்
பக்கக் கண்ணாடியைத் துடைத்தபடி.

பிச்சைக்கனியின் பட்டறையில்
கம்பளத்தைத் தூக்கினோம்.
அடியிலிருந்த பஞ்சு
ஊறப்போட்ட மெத்தையாய்க் கனத்தது.
பிழிந்தோம். அரை வாளி.
"மிஸ்ஸி, இது காடி இல்ல, மீன் தொட்டி."

டயரின் விலாவில் நான்கு எண்கள்:
முப்பத்தோராம் வாரம், பதின்மூன்றாம் ஆண்டு.
பூ தேயவே இல்லை, ரப்பர்தான் கிழடு.
"ஓடாமலே செத்திருக்கு" என்றார்.
பிரேக் எண்ணெய் கோப்பி-ஓ.
பச்சையாய் இருக்கவேண்டிய குளிர்நீர்
செம்மண் குட்டை.
டைமிங் பெல்ட்டை மடித்து
வெடிப்பைக் காட்டினார்:
மாத்தின ரசீது இருக்கா?
இருந்தது.
மாற்றியதற்கு அல்ல,
சீக்கிரம் மாற்றவேண்டும் என்று
ஏழு வருடத்துக்கு முன்னால் எழுதிக்கொடுத்தது.

நான் டயாலிசிஸ் தாதி.
பதினாறு வருடமாய்
பிறர் உடம்பில் ஏறுவதையும் இறங்குவதையும்
மில்லிலிட்டரில் எழுதுகிறவள்.
நிறத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடுவேன்.
ஆனால் பணத்தை எண்ணிக் கொடுத்த அன்று
பானெட்டைத் திறங்கள் என்றுகூடக் கேட்கவில்லை.
கூரை பின்னால் மடிந்து போவதை
மூன்று தடவை பார்த்தேன்.
அவ்வளவுதான் பரிசோதனை.

"இந்தக் காசுக்கு ஒரு மைவி வாங்கியிருக்கலாமே"
என்றார் அண்ணன்,
"மூணாவது ஆள் எங்க உட்கார்றது?"
இரண்டாவது ஆளே இல்லை என்று
அவருக்குத் தெரியும்.

கூரை மடியும் இடுக்கில், கதவுக்குப் பின்னால்,
பக்கத்துக்கு ஒரு துளை. சுண்டுவிரல் அகலம்.
மழை அதில் இறங்கி, குழாய்வழி
பின்சக்கரத்துக்கு முன்னால் தரைக்குப் போகவேண்டும்.
போகவில்லை.
கம்பி விட்டால் குழாய் கிழியும் என்று
புல்வெட்டும் நைலான் நரம்பைத் தேடப் போனார் பிச்சைக்கனி.
நான் கைப்பையைத் திறந்தேன்.
ஐம்பது மில்லி சிரிஞ்சு,
காலாவதி என்று எறியச் சொன்னது.
வெதுவெதுப்பான நீர்.
வேகம் கூடாது,
அடைப்பு இன்னும் உள்ளே இறுகிவிடும்.
கொஞ்சம் தள்ளி
கொஞ்சம் இழுத்து
பொறுத்து

மறுபடி.

வலப்பக்கம் முதலில் சேற்றைக் கக்கியது.
அப்புறம் அங்சானாப் பூக்கள்,
மஞ்சள் போய்த் தேயிலைத்தூளாய்.
ஆக, போர்ச்சில் நிறுத்தவில்லை ஊய்.
எத்தனையோ வருடம்
ஏதோ ஒரு மரத்தடியில் விட்டுவிட்டுத்
திரும்பிப் பார்க்காமல் இருந்திருக்கிறார்.

இடப்பக்கம் நேரம் எடுத்தது.
கடைசியில் இலைக்குழம்போடு
ஒரு கொண்டை ஊசி. துருவேறியது.
பிச்சைக்கனி அதை வாங்கித் துணியில் துடைத்தார்.
சாம்பல் கிண்ணத்தில் வைத்து மூடினார்.
ஒன்றும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

பிறகு கெண்டியால் ஊற்றினோம், இரண்டு பக்கமும்.
சக்கரத்தோரம் சிமெண்டில்
தண்ணீர் விழுகிற சத்தம்.
காரைவிட்டு இத்தனை நாள்
போக வழியில்லாமல் இருந்த சத்தம்.
"வேலைக்கு வந்திடுங்க மிஸ்ஸி" என்றார்,
தேவைப்படாத நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டே.

பெல்ட், நான்கு டயர், எண்ணெய் வகைகள்.
மங்கிப்போன பின் பிளாஸ்டிக் சன்னல்
அடுத்த சம்பளத்துக்கு.
பில்லைப் பார்த்தபோது
ஒருகணம் மைவி நினைவுக்கு வந்தது உண்மை.

பதினோரு நாள் கழித்து, இரவு ஷிஃப்ட் முடிந்து,
கடலோரச் சாலையில் சிவப்பு விளக்கு.
மழை தொடங்கிவிட்டது.
இன்னும் ஒரு முறைகூடக் கூரை திறந்து ஓட்டவில்லை.
என் தோளுக்குப் பின்னால்
இரண்டு பக்கமும் இறங்கிப் போகிறது.
செருப்பைக் கழற்றி
கம்பளத்தில் பாதத்தை வைத்துப் பார்த்தேன்.
காய்ந்திருந்தது.
குனிந்து, இடப்பக்கத் தரையையும்
கைநீட்டித் தொட்டேன்.

அதுவும்.