மூவாயிரம் வெள்ளி

ஐயாயிரம் போனது போனதுதான்.
எட்டில் ஒரு பங்கு ஓட்டு விழாதவருக்கு
அது திரும்பி வராது.
மூவாயிரம் மட்டும் வரும்,
பதினான்கு நாளுக்குள்
ஒட்டியதைப் பிய்த்து
கட்டியதை அவிழ்த்துவிட்டால்.

ஆகவே இரவு ஷிஃப்டு முடிந்த கையோடு
ஏணியை லோரியில் போட்டுக்கொண்டு
பிறை முழுக்க
என் மனைவியைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.

கம்பத்துக்குக் கம்பம் பரிமளச்செல்வி.
ஒரே சிரிப்பு, ஒரே புடவை,
அதுவும் தங்கையிடம் இரவல்.
கீழே ஏணியைப் பிடித்திருப்பவள்
வெளுத்த டீ-சட்டையில் கொட்டாவி விடுகிறாள்.
"காதைக் கிழிச்சிடாதீங்க" என்கிறாள்
மேலே இருப்பவளுக்காக.
பிடித்த கையில் வளையல் இல்லை.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

மூன்றாவது தேர்தல் இது.
முதல் முறை சாவி.
"எந்தப் பூட்டுக்கும்மா?" என்றார் டோபிக்கடைக்காரர்.
இன்றுவரை யோசிக்கிறோம்.
அடுத்த முறை நாற்காலி.
கேட்டு வாங்கியதல்ல, குலுக்கலில் விழுந்தது.
முதல் கூட்டத்திலேயே
மேடைக்கு நாற்காலி பற்றாமல் நான் நின்றேன்.
இந்த முறை மரம்.
மரத்துக்குப் போடுங்க, மரத்துக்குப் போடுங்க என்று
ஒலிபெருக்கியில் பன்னிரண்டு நாள் கத்தி
என் தொண்டை மரத்துப்போனது.

அடுக்குமாடியில் லிஃப்டு பழுது.
பதினேழு மாடியும் படியேறினாள்.
தமிழுக்கு வணக்கம், மலாய்க்கு சலாம்,
ஹொக்கியனில் அவளுக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம்:
சாப்பிட்டாச்சா?
சாப்பிட்டாச்சு என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள்.
ஒன்பதாம் மாடியில் ஒருவர் மட்டும்
இல்லை என்று சொல்லிவிட்டார்.
அடுத்து என்ன கேட்பதென்று தெரியாமல்
இருவரும் சிரித்தபடியே நின்றார்கள்
வெகு நேரம்.

இப்போது ஏணி நிற்கும் இடமெல்லாம்
யாராவது வருகிறார்கள்.
"நான் உங்களுக்குத்தாம்மா போட்டேன்."
மோட்டாரை நிறுத்தாமலே ஒருவர்.
ரொட்டியும் பால்டின்னுமாக இன்னொருவர்.
எங்கள் தாமானில் மட்டும் பதினொரு பேர்.

எண்ணிக்கை இரவில் நான்தான் அவள் முகவர்.
மூன்றாம் சாலூரான் பாரத்தில்
கையெழுத்துப் போட்டவன்.
அங்கே மரத்துக்கு ஐந்து.
ஐந்தில் இரண்டு நாங்கள்.

எல்லாருக்கும் அதே நன்றிதான் சொல்கிறாள்.
லோரியில் ஏறியதும் கணக்கைச் சொன்னேன்.
எட்டுப் பேர் பொய் என்றேன்.
"தோத்தவகிட்ட வந்து பொய் சொல்ல
அவங்களுக்கு என்ன அவசியம்?" என்றாள்.
கேள்வியா பதிலா தெரியவில்லை.
கியரை மாற்றினேன்.

பன்னிரண்டாம் நாள்.
பட்டியலில் ஒன்றே ஒன்று பாக்கி,
எட்டடிப் பதாகை.
கட்டிய வேலியில் இல்லை.
தேடிக்கொண்டு போனால்
காக் ரொஹாயாவின் நாசி லெமாக் கடைக்குக் கூரையாகி
தலைகீழாகக் கிடக்கிறது.
மழை அவள் தாடையில் விழுந்து
மூக்கு வழியாக இறங்கி
நெற்றிப் பொட்டில் கூடி
வாளியில் சொட்டுகிறது.

ஒன்று விடுபட்டாலும் பிடித்துக்கொள்வார்கள்.
ஏணியை இறக்கப் போனேன்.
"மழை விடட்டும்" என்றாள் காக் ரொஹாயா
இரண்டு பொட்டலத்தை முன்னே தள்ளி.
பிறகு,
சாம்பலை அகப்பையால் கிளறுவது போல
சம்பாலைக் கிளறிக்கொண்டே,
"நான் உங்களுக்குப் போடலை" என்றாள்.

என் மனைவி சிரித்தாள்.
வாய்விட்டு, பல் தெரிய,
சோற்றுப் பருக்கை சிதற.

வாய்க்கால் நிரம்பி
மேசைக்காலைத் தொட்டது தண்ணீர்.
காலைத் தூக்கி பலகைமேல் வைத்துக்கொண்டு
இது எத்தனை நாளாக அடைத்திருக்கிறது
என்று மலாயில் கேட்டாள்.
சாமான் வாங்கிய ரசீதைத் திருப்பினாள்.
பேனா தேடினாள்.

என் சட்டைப்பையில் இருந்தது.
கொஞ்ச நேரம்
கொடுக்காமல் வைத்திருந்தேன்.