கிளெய்ம் எண் 318

குண்டடத்திலிருந்து குட்டியானையில் வந்து இறங்கியது,
ஏழரை எச்பி, சாக்கு சுற்றி,
வாய்வழி இன்னும் செம்மண் தண்ணீர் கசிய.
கணபதியில், எங்கள் சர்வீஸ் கொட்டகையில்
அன்றைக்கு அது நான்காவது.

போல்ட் நான்கையும் கழற்றிக் கவிழ்த்தேன்.
நாற்றமே பாதி சொல்லிவிடும்.
ஈரம் ஏறியதென்றால் குளத்துப் பாசி வாடை,
தண்ணீரில்லாமல் ஓடியதென்றால் ரப்பர் தீய்ந்த வாடை.
இது வேறு.
மூன்று சுற்றில் இரண்டு கரிக்கட்டை,
மூன்றாவது நேற்றுச் சுற்றினாற்போல் பளபளவென்று.
ஒரு பேஸ் வராத ராத்திரியில்
இரண்டு மட்டும் சுமந்து செத்த கதை.

படிவத்தில் ஐந்து கட்டம்.
வார்ப்பு. வைண்டிங். பேரிங். சீல்.
கடைசியில் 'வாடிக்கையாளர் தவறு'.
முதல் நான்கில் டிக் விழுந்தால் நாங்கள் தருவோம்,
அல்லது வார்த்துத் தந்தவர் தலையில் கட்டுவோம்,
அவர் அடுத்த பில்லில் அழுவார்.
ஐந்தாவதில் விழுந்தால் யாரும் அழ வேண்டியதில்லை,
குண்டடத்தில் ஒருத்தரைத் தவிர.

டீலர் தண்டபாணி போன் போட்டார்.
"ஏனுங் மேடம், ஈரம் ஏறிருச்சுன்னு எழுதிப்போடுங்களே.
நாள் தப்பாம பணம் கட்டற பார்ட்டிங்க."
"கண்டன்சர் மாட்டினது யாருங்க?"
அந்தப் பக்கம் ஒரு லாரி போகிற சத்தம்.
அது போன பிறகு அவர்:
"நாந்தானுங்க.
ராத்திரி ரெண்டு மணிக்கு ரெண்டு பேஸ்ல கரண்ட் வருது,
நூத்தியெம்பது தென்னை நிக்குது.
நான் மாட்டலீன்னா எதிர்க்கடைக்காரன் மாட்டுவான்,
அடுத்த மோட்டாரும் அவங்கிட்டத்தான் எடுப்பாங்க."

அவர் கடைப் பலகையில்
அவர் பெயரைவிட எங்கள் பெயர்தான் பெரிது.
நாங்களே எழுதிக் கொடுத்த பலகை.

முதலாளி தேதியைப் பார்த்தார், கருகலைப் பார்த்தார்.
"அஞ்சாவது கட்டம்" என்றார்.
சரிதான். டிக் போட்டேன்,
பேனா அழுந்தி அடித்தாளிலும் விழுந்தது.

அப்புறம் உட்கார்ந்து போன் போட்டேன்.
வைண்டிங் போடும் ரெஜினா, சின்னவேடம்பட்டி:
"கூலி வேண்டாங்க்கா, ஒயர் மட்டும் கொடுத்துருங்க,
போன தீபாவளிக்கு முன்கூட்டியே பில் பாஸ் பண்ணுனீங்களே, அதுக்கு."
ஒயர்க்காரர் அப்துல் கபூர் இரண்டு நிமிடம்
செம்பு விலையைத் திட்டினார். அப்புறம்,
"தொண்ணூறு நாள் செக்கு தர்ற கம்பெனிக்கு
இதையும் சேர்த்துத் தூக்கிப் போடறேன்" என்று
ஒரு சுருள் அனுப்பினார், எடை போடாமல்.
ஏற்றி இறக்கும் கூலி தன் கணக்கென்றார் தண்டபாணி.
"தொள்ளாயிரத்தி இருவது அடிங்க" என்று
இரண்டு முறை சொல்லிவிட்டு.
ஒரு பேஸ் போனால் தானாக நிறுத்தும் பெட்டி ஒன்றைக்
கூடவே வைத்து அனுப்பினேன் நான்.
கேட்பாஸில் 'டெமோ பீஸ்'.

இது எந்த லெட்ஜரிலும் இல்லை.
வருடாந்திர டீலர் மீட்டிங் மேடையில் சொல்கிற
'நாமெல்லாம் ஒரே குடும்பம்' இதுவும் இல்லை.
குடும்பமென்றால் பில் கேட்கக் கூச்சம் வரும்.
இவர்கள் யாரும் கூச்சப்படுகிறவர்கள் அல்ல.

இருபத்தோராம் நாள் ஒரு பெண்குரல்.
பழனாத்தாள், குண்டடம்.
நன்றி சொல்வாரென்று
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
"அந்தப் பொட்டி ராத்திரியெல்லாம் நிறுத்திப்போடுதுங்க.
மரம் காயுது. கழட்டிப் போடட்டுங்களா?
அப்புறம், தண்ணி முன்ன மாதிரி ஏறலீங்க.
மோட்டார் போச்சுங்களா, போர் போச்சுங்களா?"

இன்னொரு படிவம் எடுத்தேன்.
402 என்று எழுதி
ஐந்து கட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு
ஓரத்து வெள்ளையில்
'நேரில் பார்க்க வேண்டும்' என்று எழுதினேன்.
கழட்ட வேண்டாம், வியாழக்கிழமை வருகிறேன் என்றேன்.
"வாங்கோ" என்றார்.
"வர்றப்ப பில்லு எதுவும் கொண்டாராதீங்கோ."